நாலு கோர் போதும்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து காற்று. காயப்போட்ட துணியில் பாதி பக்கத்துத் தோட்டத்து வேலியில். மழை வரும் போல் இருட்டியது, வரவில்லை.

கம்ப்யூட்டர் இன்றும் நின்றுபோனது. பழகுவதற்காக நானே கம்ப்யூட்டரில் வரைந்த எட்டு ஸ்டேஜ் (எட்டு அடுக்கு) போர்வெல் பம்பைத் திறந்தேன். ஒரு ஸ்டேஜ் கூட்டினேன். அவ்வளவுதான், திரை வெளுத்துவிட்டது. எழுந்து போய் வெந்திருந்த பருப்பைத் தாளித்தும் விட்டேன். திரும்பி வந்தால் இன்னும் அதே வெள்ளை. வரைபடம் திரும்பி வந்தபோது கடிகாரம் பார்த்தேன், ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

பதினோரு மணிக்கு நடராஜ் அண்ணன் போன். பீளமேட்டில் பம்பு பட்டறை வைத்திருப்பவர். நான் வேலை பார்த்த பம்பு கம்பெனி எங்கள் டிராயிங் பிரிவை ஓசூருக்கு மாற்றி மூன்று மாதம் ஆகிறது. நான் வரவில்லை, அன்னூரிலேயே வீட்டிலிருந்து வரைகிறேன் என்று சொன்னபோது என்னை நம்பி நாலு சின்ன வேலை கொடுத்த ஒரே ஆள் இவர்தான்.

"ஏனுங் சுமதி, வர்ற திங்கக்கெழம பெங்களூர் பார்ட்டி வர்றாருங்க. உங்க ஊட்டுக்கே கூட்டிட்டு வாரேன். நீங்க வரைஞ்சு குடுத்த அந்த அஞ்சு ஸ்டேஜ் பம்ப ஓப்பன் பண்ணி வெச்சிருங்க. அவரு இதை மாத்து, அதை மாத்துன்னு சொல்லுவாரு. கண்ணு முன்னால மாத்திக் காட்டோணுங்க. புடிச்சுப்போச்சுன்னா அவங்க டிராயிங் அத்தனையும் வருசம் பூரா உங்களுக்குத்தானுங்க."

"புடிக்கலீன்னா?"

"டவுன்ல ஆபீஸ் வெச்சிருக்கறவங்களுக்குப் போயிருமுங்க. ஊட்டுல உக்காந்து வரையற பொம்பளைன்னா அவருக்குக் கொஞ்சம் ரோசனைங்க."

ரோசனையாம்! பதினெட்டு வருடம் பம்பு வரைந்த கை இது. "தாராளமாக் கூட்டிட்டு வாங்கண்ணா" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு மாற்றம் சொல்லி, இந்த டப்பா ஒன்பது நிமிடம் வெளுத்து நின்றால் அத்தோடு முடிந்தது. அப்புறம் ஏதாவது துணிக்கடையில் பில் போடப் போக வேண்டியதுதான்.

வாங்க வேண்டியவை:
— பிராசஸர் (இனிமேல் பி.)
— அதற்கேற்ற போர்டு
— ராம் 16 ஜி.பி.
— SSD (ஃபைல் சேமிக்க)
மானிட்டர், கேபினெட், கீபோர்டு பழையதே போதும். ஒதுக்கியிருப்பது முப்பதாயிரம். அதற்கு மேல் முடியாது.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். தேங்காய் எண்ணெய் தீர்ந்தது. பால்காரர் தாமதம்.

செல்வராஜுக்கு (செ., என் வீட்டுக்காரர்) விஷயம் நேற்றே தெரியும். மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருப்பதால் உலகத்தில் சுற்றுகிற எல்லாமே தன் இலாகா என்று நினைப்பு. காலையில் வாட்ஸ்அப்பில் எதையோ தேடிப் பிடித்து வந்தார். எங்கோ பெரிய ஆபீஸில் ஓடி ஓய்ந்த செகண்ட்ஹேண்ட் சர்வர் பி., உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர் பதினாலு.

"அம்மணி, பதினாலு கோரு! இதே காசுக்குப் புதுசுல நாலு கோருதான் தர்றான். பதினாலு எங்கே, நாலு எங்கே?"

"என்ற வேலைக்கு எத்தன கோரு வேணும்னு பாக்கோணும்ல?"

"அதிகமா இருந்தா கெட்டா போகப் போவுது?"

இதை யார் சொல்வது! பக்கத்துத் தோட்டத்தான் பத்து எச்.பி. போட்டான் என்று நம் ஆட்களும் பத்து எச்.பி. போடுவார்கள். போர்வெல்லில் தண்ணீர் அரை மணி நேரத்துக்குத்தான் இருக்கும். மோட்டார் வறண்டு ஓடி, காயில் கருகி, செ. கடைக்கு வரும். "எச்.பி. பெருமைக்கு மோட்டார் வாங்காதீங்க, போருக்குத் தக்கன வாங்குங்க" என்று வருகிறவர்களை எல்லாம் திட்டித் தீர்ப்பது இதே மனிதர். அதைச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு.

மதியம், பி. எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, பம்பில் மறுபடி ஒரு ஸ்டேஜ் கூட்டினேன். நாலு கட்டம் தெரிந்தது, கோருக்கு ஒன்று. ஒன்று உச்சியைத் தொட்டு நிற்கிறது. மற்ற மூன்றும் சும்மா. ஒருத்தன் மண்வெட்ட, மூணு பேர் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது போல.

மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான். ஆக இந்த வேலைக்கு ஆள் கூட்டம் வேண்டாம். ஒரே ஆள், ஆனால் வேகமான ஆள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

மழை இல்லை. கோவைக்குப் பஸ். கணேசபுரம் தாண்டும் வரை நின்றுகொண்டே. செ. கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார். "வயரு கியரு பாக்கறதுக்கு ஆள் வேணும்ல." பதினாலு கோரை இன்னும் மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

காந்திபுரத்தில் மாடிக்கடை. கடைக்காரர் பிரபு, நாற்பது வயது இருக்கும். மேசை மேல் இரண்டு மெஷின் மூடியில்லாமல் திறந்து கிடந்தன. ஒன்றில் அந்தப் பதினாலு கோர் சர்வர் பி. இன்னொன்றில் புது நாலு கோர். நல்லதாகப் போயிற்று.

"ரெண்டையும் ஓட்டிக் காட்டுங்க. நான் ஃபைல் கொண்டாந்திருக்கறேன்."

சிரித்தார். "அக்கா, பிராசஸர யாரும் ஓட்டிப் பாத்து வாங்கறதில்லீங்க. டப்பாவுல எல்லாம் போட்டிருக்குமுங்க."

"காயில் கட்டுன மோட்டாரயே எங்க ஊர்ல ஓட்டிக் காட்டாம ஒருத்தரும் எடுத்துட்டுப் போகமாட்டாங்க. டப்பாவுல எழுதியிருக்கறத வெச்சு நான் எதுக்கு வாங்கோணும்?"

செ. என் முழங்கையைத் தொட்டார், வெட்கம். ஆனால் நான் சொன்னது அவர் கடைச் சட்டம். ஆம்ப் மீட்டரை மாட்டி, சத்தம் கேட்டு, கை வைத்துச் சூடு பார்த்துத்தான் அவரும் மோட்டாரைக் கொடுப்பார்.

பிரபு ஒரு பெருமூச்சு விட்டு ஸ்டூல் இழுத்துப் போட்டார். சாஃப்ட்வேர் ஏற்றவே ஒரு மணி நேரம். நடுவில் இரண்டு டீ. எட்டு ஸ்டேஜ் பம்பு, ஒரு ஸ்டேஜ் கூட்டல், போனில் ஸ்டாப்வாட்ச்.

வீட்டு டப்பா — 9 நிமிடம்
பதினாலு கோர் — 2 நிமிடம் 50 நொடி
நாலு கோர் — 1 நிமிடம் 5 நொடி

பிரபு "இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன். ஒரு நொடி கூடக் குறைய, அதே கதை. டாஸ்க் மேனேஜரையும் திறந்து காட்டினேன். பதினாலில் ஒன்றுதான் வேலை செய்கிறது, மற்றதெல்லாம் தூக்கம்.

செ. குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அந்த இரண்டு வார்த்தையை அந்தக் குரலில் கேட்டதில்லை. காதில் தேன் பாய்ந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அதற்கப்புறம் என்னை யாரும் பிடிக்க முடியவில்லை. போர்டு நானே பார்த்தேன், ராம் நானே சொன்னேன். ஓட்டிப் பார்த்த அதே நாலு கோர் பி.யில் இரண்டு வகை விலைப் பட்டியலில் இருந்தது. அதே கோர், அதே வேகம். ஒன்றுக்குப் பெயரின் கடைசியில் மட்டும் ஒரு எழுத்து அதிகம். அது இரண்டாயிரம் குறைவு. மேசை மேல் இருந்ததும் அந்தக் குறைந்த வகையேதான்.

"இதையே குடுங்க. மிச்சத்துக்கு SSD பெருசாக் குடுங்க."

"அக்கா, அதுல ஒண்ணு பாருங்க..."

"எல்லாம் ஓட்டிப் பாத்தாச்சுங்க. நீங்க கட்டுங்க."

பிரபு பில் புத்தகத்தை எடுத்தார். மாட்டித் தரவா என்று கேட்டார். "எங்ககிட்ட ஆள் இருக்குது" என்று செ.யைக் காட்டினேன். அவருக்கும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும்.

வழியில் மல்லி இரண்டு முழம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஜூன் 14, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் செ. மாட்டினார். குறை சொல்ல முடியாத கை. ஒரு திருகு கூட விழவில்லை. வயரை எல்லாம் நூல் போட்டு வரிசையாகக் கட்டினார், காயில் கட்டுவது போலவே. ஸ்விட்ச் போட்டோம். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. மானிட்டர் கறுப்பு.

கேபிள் மாற்றினோம். கறுப்பு. ராமைக் கழற்றி மாட்டினோம். கறுப்பு. செ. மீட்டரைக் கொண்டுவந்து ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். "பன்னண்டு வோல்ட்டு சரியா வருது. அஞ்சு சரியா வருது. என்ற பக்கம் தப்பு இல்ல" என்றார். எரிச்சலாக வந்தது.

பிறகு போர்டோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பொடி எழுத்து. பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கிற பி. போட்டால்தான் போர்டில் மானிட்டரைச் செருகினால் படம் வரும். இல்லையென்றால் தனியாக டிஸ்ப்ளே கார்டு வேண்டும். கடைசியில் இருந்த அந்த ஒரு எழுத்து அதற்குத்தான். இரண்டாயிரம் எதற்குக் குறைவு என்று இப்போது தெரிகிறது.

கடையில் எப்படி ஓடியது? பிரபுவுக்குப் போன் போட்டேன்.

"என்ற மேசைல தனியா கார்டு மாட்டியிருக்குதுங்கக்கா. அன்னைக்கே சொல்ல வந்தனுங்க. நீங்கதான்..."

ஆமாம். நான்தான். பி.யை ஓட்டிப் பார்த்தேன். அது எதன் உதவியில் ஓடுகிறது என்று பார்க்கவில்லை. தலைக்கனம்.

செ. திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு நிமிடம் யோசித்தார். "ஸ்டார்ட்டர் இல்லாத மோட்டார வாங்கிட்டு வந்திருக்கறோம். மோட்டார்ல தப்பில்ல. வெசனப்படாத." அவ்வளவுதான் சொன்னார். வாங்கிட்டு வந்திருக்க என்று சொல்லவில்லை, வந்திருக்கறோம் என்றார். குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கார்டு வாங்கக் காசு இல்லை. பி.யை மாற்றத்தான் வேண்டும். இனிக் கிளம்பினால் கடை சாத்துவதற்குள் போய்ச் சேர முடியாது. நாளை ஞாயிறு, கடை லீவு. திங்கள் பதினோரு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள், கடை திறப்பதே பத்தரைக்கு. மறுபடி பிரபுவுக்குப் போன்.

"நாளைக்கு மேட்டுப்பாளையத்துல என்ற தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துங்க. தாய்மாமன் நான். நகர முடியாதுங்களே."

"நாங்க அங்க வர்றமுங்க. நீங்க அந்த இன்னொரு டப்பாவ மட்டும் கையில எடுத்துட்டு வந்துருங்க."

மறுமுனையில் சிரித்தார். பிறகு, "சரி வாங்க. சாப்புடாமப் போகக்கூடாதுங்க."

ஜூன் 15, ஞாயிறு

வெயில். செ. பைக்கில் மேட்டுப்பாளையம். என் மடியில் துணிப்பை, பைக்குள் பி. டப்பா. ஒவ்வொரு வேகத்தடைக்கும் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அழைக்காத விசேஷத்துக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு குட்டிக் கவுன். செ. அயர்ன் செய்த சட்டை, நான் பட்டு. பி. மாற்றப் பட்டுச்சேலை கட்டிப்போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மண்டபத்தில் நுழைந்ததும் வாசலில் சந்தனம், கற்கண்டு. "நீங்க எந்த ஊட்டு ஒறம்பரைங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். செ. பெரிய மனுஷன் மாதிரி "தாய்மாமன் சைடுங்க" என்றார். கூசாமல்!

பிரபு மேடையில். மடியில் குழந்தை, தலை மொட்டை, காது குத்தும் நேரம். குழந்தை வீறிட்டு அழ, அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நாற்காலிக்கு அடியில் இருந்த மஞ்சள் பையைக் காட்டினார். கம்மல் மாட்டி முடிந்ததும் இறங்கி வந்தார். கையெல்லாம் சந்தனம், துடைத்துக்கொண்டார்.

அங்கேயே, சாப்பாட்டு ஹால் வாசலில், டப்பா கொடுத்து டப்பா வாங்கினோம். திறந்த பி.யைத் திருப்பி எடுப்பது வழக்கமில்லை. அவர் அடியிலிருந்த பொன்னிறப் புள்ளிகளை எல்லாம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமா மாட்டியிருக்கீங்க. நான் என்ற மேசைலயே போட்டுக்கறனுங்க. வித்தியாசத்த மட்டும் குடுத்துருங்க போதும்."

"தப்பு எம்மேலதானுங்க. நீங்க சொல்ல வந்தீங்க, நான் கேக்கல." சொன்னதும் லேசாகிவிட்டது.

"அட விடுங்க. உங்களப் பாத்துட்டு நேத்து ஒருத்தருக்கு நானே ஓட்டிக் காட்டுனேனுங்க. அவரு கேக்கவே இல்ல."

இலை போட்டு உட்கார வைத்தார்கள். ஒப்புட்டு, நெய், பச்சைப்புளி ரசம். செ. ஒப்புட்டு மூன்று. வீடு வந்து, சட்டையைக் கழற்றி, நேராக கேபினெட் முன் உட்கார்ந்தார். நாலு மணிக்கு ஸ்விட்ச்.

படம் வந்தது!

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

சாஃப்ட்வேர் ஏற்றி, எட்டு ஸ்டேஜ் பம்பில் ஒன்று கூட்டினேன். 1 நிமிடம் 3 நொடி.

ஜூன் 16, திங்கள்

மேகமூட்டம், காற்று இல்லை. இன்று கரண்ட் ஷட்டவுன் நம் பக்கம் இல்லை என்று பேப்பரில் இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.

பதினொன்றே கால். நடராஜ் அண்ணனும் பெங்களூர்க்காரரும் வந்தார்கள். வந்தவர் தன் பெயரைக் கூடச் சரியாகச் சொல்லவில்லை. தமிழ் பேசினார், கன்னட இழுப்பு. தண்ணீர் கொடுத்தேன். வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு அறையைப் பார்த்தார். அரிசி மூட்டை, தையல் மெஷின், அதற்குப் பக்கத்தில் என் மேசை. "இங்கதானா?" என்று நடராஜ் அண்ணனைக் கேட்டார், என்னை இல்லை.

"இங்கதானுங்க. உக்காருங்க" என்றேன் நான்.

உட்கார்ந்ததும் தொடங்கினார். அஞ்சு ஸ்டேஜை ஏழு ஆக்குங்கள். ஆக்கினேன். அவர் செல்போனை எடுத்து மெசேஜ் பார்க்கக் குனிந்தார், இதற்கெல்லாம் நேரமாகும் என்று பழகினவர் போல. நிமிர்வதற்குள் ஏழு ஸ்டேஜும் நின்றது. "ஆயிருச்சுங்க" என்றேன். போனைப் பையில் வைத்தார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் இலையின் கோணம். மாற்றினேன். வெளிக்குழாய் கால் இஞ்ச் ஒல்லியாக. இங்கே நிறுத்தினேன்.

"அப்படிச் செஞ்சா கப்ளிங் ஒரசுமுங்க. நடுவுல கையும் நுழையாது, ஊர்ல கழட்ட முடியாது."

"கம்ப்யூட்டர் சொல்லட்டும்" என்றார்.

மாற்றினேன். நாற்பது நொடி. மோட்டாரையும் பம்பையும் சேர்க்கிற கப்ளிங் சிவப்பாக வந்து நின்றது, இடிக்கிறது என்று அர்த்தம். அவர் அதைப் பார்த்தார், பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"எத்தன வருசமா செய்யறீங்க?"

"பதினெட்டு வருசம் அடுத்தவங்களுக்கு. மூணு மாசம் எனக்குங்க."

நடராஜ் அண்ணன் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்தார். பெங்களூர்க்காரர் இரண்டாவது டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். புதன்கிழமையிலிருந்து ஃபைல் அனுப்புகிறோம் என்றார். வருசத்துக்கு என்றார். படியிறங்கும்போது எனக்குக் கும்பிடு போட்டார், எனக்கு.

கார் திரும்பும் வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். சனிக்கிழமை அழுகை வேறு, இது வேறு. செ.க்குப் போன் போட்டால் "ஹலோ, ஹலோ" என்கிறார், நான் அழுதுகொண்டே இருக்கிறேன். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஜூன் 18, புதன்

மழை, நல்ல மழை. கொடியில் துணி இல்லை, நல்ல வேளை. கேஸ் புக் செய்ய வேண்டும்.

காலையிலேயே பதினோரு ஃபைல் வந்துவிட்டது. முதலாவதைத் திறந்தேன். பெரியது. திறந்தது!

செ. மதியம் சாப்பிட வந்தார். சாப்பிடும்போது போன். அவர் கடைக்கு மோட்டார் கொண்டு வருகிற ஒரு தோட்டத்துக்காரர், மகனுக்குக் காலேஜுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமாம், எத்தனை கோர் வாங்கலாம் என்று கேட்கிறார் போல. ஸ்பீக்கரில் இல்லை, இவர் பேசுவது மட்டும் கேட்டது. வழக்கமாக இந்தக் கேள்விக்கு அரை மணி நேரப் பேச்சு வரும். நான் மவுசைப் பிடித்தபடி திரும்பாமலே காத்திருந்தேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்றார். "எங்க ஊட்டுல இருக்கறாங்க. அவங்களக் கேட்டுத்தான் சொல்லோணும்."

என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "அம்மணி, பேசறியா?"

"இப்ப சோலி இருக்குதுங்க. அஞ்சு மணிக்கு மேல கூப்புடச் சொல்லுங்க."

அப்படியே சொன்னார்.